செனட்டுக்குப் போகும் நண்பனுக்கு

காட்பாடி

அன்புள்ள நண்பா,

இங்கே எல்லோரும் நலம். அங்கே வீட்டில் எல்லோரும் சௌக்கியமா? நீ திருவள்ளுவர் பல்கலைக்கழக செனட்டுக்கு, அதாவது ஆட்சிப்பேரவைக்கு, தேர்வான செய்தி உன் கடிதம் வருவதற்கு முன்பே காதுக்கு எட்டிவிட்டது. ரொம்ப சந்தோஷம். முதல் கூட்டத்துக்கு முன் எதைப் படிப்பது என்று கேட்டிருக்கிறாய். சட்டத்தைப் படி, ஆனால் அதோடு நிறுத்திவிடாதே. அங்கே சண்டை வருவது பெரும்பாலும் சட்டத்தால் அல்ல, அதற்குக் கீழே இருக்கும் காகிதங்களால்தான்.

முதலில் பரப்பெல்லை. நம் பல்கலைக்கழகத்தை உண்டாக்கிய 2002-ஆம் ஆண்டின் 32-ஆம் தமிழ்நாடு சட்டம் வரும்வரை நம் பக்கத்துக் கல்லூரிகள் எல்லாம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. சட்டம் வந்தபோது வேலூர், திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் என நான்கு மாவட்டங்கள். பல்கலைக்கழகம் முதலில் வேலூர்க் கோட்டைக்குள் நடந்தது, பிறகு சேர்க்காட்டுக்கு மாறியது. 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. 2021-இல் விழுப்புரத்தில் தனிப் பல்கலைக்கழகம் என்று ஒரு சட்டம் போட்டார்கள். அதே வருஷம் ஆட்சி மாறியதும் அதை விலக்கிவிட்டு, அந்தப் பக்கத்துக் கல்லூரிகளை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு சேர்த்தார்கள். மிச்சம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை. கணக்குப் பார்த்தால் 1989-க்கு முந்தைய வடாற்காடு மாவட்டமேதான்!

இதை வெறும் வரலாறு என்று விட்டுவிடாதே. இணைப்புக் கல்லூரிகளை நம்பும் பல்கலைக்கழகத்துக்குத் தேர்வுக் கட்டணமும் இணைப்புக் கட்டணமும்தான் அன்றாட வரவு. எல்லை சுருங்கினால் அந்த வரவும் சுருங்கும். சம்பளமும் ஓய்வூதியமும் சுருங்காது. பட்ஜெட் வரும்போது முதலில் இந்த இரண்டு தலைப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்.

இனி அடுக்குகள். மேலே சட்டம், அது சட்டமன்றத்தின் கையில். அதற்குக் கீழே ஸ்டாட்யூட். பணியிடங்கள், தகுதிகள், குழுக்களின் அமைப்பு போன்றவை அதில் வரும். வேந்தரான ஆளுநரின் ஒப்புதல் இல்லாமல் செல்லாது. அதற்குக் கீழே நிர்வாகத்தை நடத்தும் ஆட்சிக்குழுவான சிண்டிகேட் போடும் ஆர்டினன்ஸ். கட்டணம், மாணவர் சேர்க்கை, தேர்வு நடத்தும் முறை எல்லாம் அங்கே. கடைசியில் ரெகுலேஷன், அதாவது பாடத்திட்டம், மதிப்பெண் பங்கீடு, தேர்ச்சி நிபந்தனை. இது பாடத்திட்டக் குழுவில் தொடங்கி கல்விசார் நிலைக்குழு வழியாக வரும். தவறு எங்கே நடக்கிறது தெரியுமா? கீழே இருக்கும் காகிதம் மேலே இருக்கும் காகிதத்தின் வேலையைச் செய்யும்போது. ஸ்டாட்யூட்டில் திருத்த வேண்டிய தகுதியை ஒரு சுற்றறிக்கையில் மாற்றிவிடுவார்கள். அப்போது யாரும் கேட்க மாட்டார்கள். சில வருஷம் கழித்து நியமனம் வழக்குக்குப் போகும்போது அந்தச் சுற்றறிக்கை ஒரு வாய்தாவுக்குக்கூடத் தாங்காது.

இதே அடுக்குத் தகராறுதான் மாநில அளவிலும். பல்கலைக்கழகத்தை உருவாக்குவதும் ஒழுங்குபடுத்துவதும் அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் 32-ஆவது இனம். உயர்கல்வியின் தரத்தை நிர்ணயிப்பது மத்தியப் பட்டியலில் 66. கல்வி மொத்தமும் 42-ஆவது திருத்தத்துக்குப் பிறகு பொதுப் பட்டியலில் 25. துணைவேந்தரை யார் நியமிப்பது என்ற கேள்வி இந்த மூன்றுக்கும் நடுவில் நிற்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2018 ஒழுங்குமுறை, தேடல் குழுவில் யு.ஜி.சி. தலைவரின் பிரதிநிதி ஒருவர் இருக்க வேண்டும், வருபவருக்குப் பேராசிரியராகப் பத்து வருஷ அனுபவமோ அதற்கு இணையான ஆய்வு, நிர்வாக அனுபவமோ வேண்டும் என்கிறது. 2022 மார்ச்சில் குஜராத்தின் சர்தார் படேல் பல்கலைக்கழக வழக்கிலும், அதே அக்டோபரில் கேரளத் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வழக்கிலும் மாநிலச் சட்டத்தைவிட யு.ஜி.சி. விதியே மேல் என்று உச்சநீதிமன்றம் சொல்லி, இரண்டு துணைவேந்தர்களின் நியமனமும் போனது.

நம் மாநிலத்தில் உச்சநீதிமன்றத்தின் 2025 ஏப்ரல் 8 தீர்ப்பால், ஆளுநர் ஒப்புதல் தராமல் வைத்திருந்த பத்து மசோதாக்கள் ஒப்புதல் பெற்றதாகக் கருதப்பட்டன. நியமன அதிகாரம் வேந்தரிடமிருந்து அரசுக்குப் போனது. மே 21-இல் உயர்நீதிமன்றம் அந்தப் பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்கு நவம்பர் 20-இல் உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு பதில் சொன்னபோது, 'கருதப்படும் ஒப்புதல்' என்ற கருத்தையே ஏற்கவில்லை. எந்தக் கட்சி சரி என்று நாம் டீக்கடையில் பேசிக்கொள்ளலாம். செனட்டில் நீ கேட்க வேண்டியது வேறு. துணைவேந்தர் நாற்காலி காலியாக இருக்கும் நாளில் பட்டச் சான்றிதழில் கையெழுத்துப் போடுவது யார், எந்தப் பிரிவின் கீழ்? சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டில் பதவி காலியானபோது இந்தக் கேள்வி வெறும் ஏட்டுக் கேள்வியாக இருக்கவில்லை. பையன் வெளிநாட்டு விசாவுக்கு நிற்பான், இவர்கள் பிரிவு எண் தேடிக்கொண்டிருப்பார்கள்.

அடுத்து நான் அதிகம் சொல்ல நினைப்பது 'பின்னேற்பு', அதாவது செய்து முடித்த காரியத்துக்குப் பிறகு வாங்கும் ஒப்புதல். அவசரமான காரியத்தைத் துணைவேந்தர் தானே செய்துவிட்டு, பிறகு உரிய அமைப்பிடம் தெரிவிக்கச் சட்டம் இடம் தருகிறது. வெள்ளம் வந்து தேர்வைத் தள்ளிவைக்க, வினாத்தாள் கசிந்து மறுதேர்வு அறிவிக்க இது வேண்டியதுதான். சிண்டிகேட் அஜெண்டாவைக் கையில் எடுத்தால் "பொருள்: … துணைவேந்தர் எடுத்த நடவடிக்கைக்குப் பின்னேற்பு வழங்கக் கோரப்படுகிறது" என்று ஒரு வரி இருக்கும். கீழே தீர்மானம் "ஏற்கப்பட்டது" என்று ஒரே சொல்லில் முடியும். அந்த ஒரு சொல்லுக்குள் கட்டட ஒப்பந்த மதிப்பு உயர்ந்திருக்கலாம், தற்காலிக ஆள் எடுத்திருக்கலாம், விடைத்தாள் ஸ்கேன் செய்யும் வேலை டெண்டர் இல்லாமல் போயிருக்கலாம். மூன்றைப் பார். காரியம் நடந்த தேதி, சிண்டிகேட் கூடிய தேதி, நடுவில் ஒரு கூட்டம் நடந்தும் இந்தப் பொருள் வைக்கப்படாமல் இருந்ததா. நடுவில் கூட்டம் இருந்திருந்தால் அவசரம் என்ற பேச்சு அடிபட்டுப்போகும். அதைவிட மோசம், கூட்டம் தொடங்கிய பிறகு மேசைமேல் வைக்கும் டேபிள் அஜெண்டா. படிக்க நேரம் தராத பொருளை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளச் சொல்லி மினிட்ஸில் உன் பெயரோடு பதியச் சொல்.

செனட்டுக்கு அதிகாரம் கிடையாது, வெறும் பேச்சு மண்டபம் என்று உன்னிடம் சொல்வார்கள். பாதி உண்மை. நிர்வாகத்தின் சாவி சிண்டிகேட்டிடம்தான். அங்கே உயர்கல்வித் துறைச் செயலாளர் போன்ற அரசு ஆட்களின் வார்த்தைக்கு எடை அதிகம். ஆனால் ஆண்டறிக்கை, கணக்கு, தணிக்கை அறிக்கை எல்லாம் செனட்டுக்கு வந்தாக வேண்டும். உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை எழுப்பிய ஆட்சேபங்களில் எவை எத்தனை வருஷமாகத் தீராமல் கிடக்கின்றன, எவ்வளவு தொகை என்று எழுத்தில் கேள். வாய்மொழியாகக் கேட்டால் "பரிசீலனையில் உள்ளது" என்று சொல்லி உட்காரவைத்துவிடுவார்கள்.

உன் தங்கை மகன் கேட்ட சந்தேகத்துக்கும் இங்கேயே பதில். வேலூரில் படித்தால் எல்லாம் திருவள்ளுவர் பட்டம் அல்ல. வி.ஐ.டி. நிகர்நிலைப் பல்கலைக்கழகம், பட்டத்தைத் தானே தரும். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியான சி.எம்.சி.யும் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரியும் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ். பாகாயத்தில் இருக்கும் தந்தை பெரியார் அரசு பொறியியல் கல்லூரி அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ். நமக்கு வருவது கலை அறிவியல் கல்லூரிகள். அதிலும் தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டம் போடுவதும் தேர்வு நடத்துவதும் கல்லூரியே, ஆனால் பட்டத்தில் இருப்பது பல்கலைக்கழகத்தின் பெயரும் முத்திரையும். அதனால்தான் தன்னாட்சிக் கல்லூரியின் பாடத்திட்டக் குழுவில் பல்கலைக்கழகப் பிரதிநிதி ஒருவர் உட்கார்கிறார். பல இடங்களில் அவர் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு பயணப்படி வாங்கிக்கொண்டு போய்விடுகிறார் என்பது வேறு கதை.

இணைப்பு விஷயமாக உன்னிடம் ஆட்கள் சிபாரிசுக்கு வருவார்கள், எழுதி வைத்துக்கொள். புதிய பாடப்பிரிவு என்றால் அரசின் அனுமதி ஒரு கோப்பு, பல்கலைக்கழக ஆய்வுக்குழு இன்னொரு கோப்பு, சிண்டிகேட் தீர்மானம் மூன்றாவது. மூன்றும் முடியுமுன்னே சேர்க்கை நடத்திவிட்டு, தேர்வு நெருங்கும்போது பதிவு எண் கேட்டு ஓடிவருவார்கள். பிள்ளைகளைக் காட்டித்தான் கெஞ்சுவார்கள். அந்தப் பிள்ளைகளை வேறு கல்லூரிக்கு மாற்ற வழி கேள். பழைய தேதி போட்ட தீர்மானத்துக்கு மட்டும் தலையாட்டாதே.

அஜெண்டா கைக்கு வந்ததும் கடந்த இரண்டு கூட்டங்களின் மினிட்ஸையும் பதிவாளர் அலுவலகத்தில் எழுதிக் கேட்டு வாங்கிக்கொள். கூட்டத்துக்கு முந்தின நாளே கிளம்பி வந்துவிடு. ராத்திரி இங்கே உட்கார்ந்து சேர்ந்து பார்த்துவிடலாம்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்