திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு நன்றி மடல்

என் மகள் தவழ ஆரம்பித்துவிட்டாள். அவளைத் தூங்கவைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

மூன்றாம் மாத ஸ்கேனில் என் இடது சினைப்பையில் கட்டியைப் பார்த்தவர் மஞ்சக்குப்பத்து ஸ்கேன் டாக்டரம்மா. கர்ப்பத்தில் நீர்க்கட்டி வருவது சகஜம், பெரும்பாலும் தானே கரைந்துவிடும். "இது நீர்க்கட்டி இல்லம்மா, கெட்டியா இருக்கு. நாளைக்கே ஜிப்மர் போங்க" என்று கையோடு கடிதமும் கொடுத்தார். புற்றுநோய் சினைப்பையைத் தாண்டுமுன் கண்டுபிடித்ததுதான் எங்கள் இருவரையும் காப்பாற்றியது. டாக்டரம்மா, உங்களுக்குத்தான் முதல் நன்றி.

உறவில் சிலர் கலைத்துவிடச் சொன்னார்கள். "டாக்டர் சொல்லட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று அவர்கள் வாயை அடைத்தவர் என் மாமியார். அத்தை, இதை நான் மறக்கவே மாட்டேன்.

ஜிப்மரில் புற்றுநோய் டாக்டரும் மகப்பேறு டாக்டரும் கலந்து பேசித்தான் எதையும் முடிவு செய்தார்கள். உடனே ஏன் ஆபரேஷன் செய்யவில்லை என்பதை மகப்பேறு டாக்டர் தாளில் படம் போட்டு விளக்கினார். தொடக்க வாரங்களில் கர்ப்பத்தைத் தாங்கும் ஹார்மோன் சினைப்பையிலிருந்துதான் வருகிறது. பிறகு அந்த வேலையை நஞ்சுக்கொடி எடுத்துக்கொள்ளும். 16 வாரம் தாண்டினால் கருச்சிதைவு பயம் குறைவு. ரொம்பத் தள்ளிப்போட்டால் கட்டி முறுக்கிக்கொள்ளலாம், கர்ப்பப்பை பெரிதாகி மறைக்கவும் செய்யும். ரத்தப் பரிசோதனையில் பார்க்கும் சி.ஏ.125 என்ற புற்றுநோய்க் குறியீட்டின் அளவு கர்ப்பத் தொடக்கத்தில் இயல்பாகவே கூடும், அதை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம் என்றார். வெளியே அத்தனை கூட்டம் காத்திருந்தும் அவர் அவசரப்படவில்லை.

17வது வாரத்தில் இடது சினைப்பையையும் குழாயையும் மட்டும் எடுத்தார்கள். மயக்கம் தெளிந்து நான் அழுதபோது நர்ஸ் அக்கா ஒருவர் வயிற்றில் துடிப்பைக் கேட்கும் டாப்ளர் கருவியை வைத்து, "முதல்ல இதைக் கேளு" என்று சத்தத்தைக் கூட்டினார். என் பிள்ளையின் இதயத்துடிப்பு வார்டு முழுக்கக் கேட்டது.

வந்தது டிஸ்ஜெர்மினோமா, இளம்பெண்களுக்கு அதிகம் வரும் சினைப்பைப் புற்றுநோய் வகை. முதல் கட்டம் என்பதால் எனக்குக் கீமோ தேவைப்படவில்லை, கண்காணிப்பு மட்டும்தான். பக்கத்துக் கட்டில் அக்காவுக்கு நோய் பரவியிருந்தது. குழந்தையின் உறுப்புகள் உருவாகும் முதல் மூன்று மாதம் கழிந்த பிறகே கீமோ தொடங்கி, ரத்த அணுக்கள் தேறுவதற்காகப் பிரசவத்துக்குச் சில வாரம் முன்பே நிறுத்தினார்கள். அவருக்கும் பையன் நல்லபடியாகப் பிறந்திருக்கிறான். வலியிலும் எனக்குத் தைரியம் சொன்ன அக்கா, நீங்கள் நல்லா இருக்கணும்.

குறைமாதத்தில் பிறப்பதுதான் இப்படிப்பட்ட குழந்தைகளுக்குப் பெரிய ஆபத்து என்று சொல்லி, காரணமில்லாமல் முன்கூட்டி எடுக்க டாக்டர் சம்மதிக்கவில்லை. 38வது வாரத்தில் சுகப்பிரசவம், எடை 2 கிலோ 800.

ஆபரேஷனுக்கு ரத்தம் கொடுக்க ஒரு கல்லூரித் தம்பிகள் கூட்டம் வந்தது. பெயர்கூடச் சொல்லாமல் போய்விட்டார்கள். தம்பிகளா, இதைப் படித்தால் பாடலீஸ்வரர் கோயில் பக்கம் ஒருநாள் வாருங்கள். உங்கள் மருமகளை, என் மகளைப் பார்த்து, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.