பெரியவர் சொல்வதும் சாட்சியம்தான்

ஆசிரியருக்கு,

பேச்சிப்பாறைக்கு மேலே காணி பழங்குடி மக்களுக்கு நில உரிமை மனு தயாரிக்கும் ஒரு வக்கீலோடு போன மாதம் போயிருந்தேன். கோர்ட்டில் வாதாடுவார் என்று பார்த்தால் அவரோ பழைய கிணறு, கல்லறை என்று போட்டோ எடுத்து, பெரியவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருந்தார் (அட்டைக்கடி வேறு!). 2006 வன உரிமைச் சட்ட விதிகளின்படி இதெல்லாம் சாட்சியம்தானாம். 13.12.2005-க்கு முன்பிருந்தே அனுபவித்துவரும் நிலம் என்றால் 4 ஹெக்டேர் வரை உரிமை கேட்கலாம், கிராம சபை முடிவு சரியில்லை என்றால் 60 நாளுக்குள் அதற்கு மேலே உள்ள உட்கோட்டக் குழுவிடம் மனு கொடுக்கலாம். இதெல்லாம் தெரியாமல் 'ஆதாரம் இல்லை' என்ற ஒற்றை வரி மறுப்போடு எத்தனை பேர் மலைக்குத் திரும்பிவிட்டார்களோ. மறுப்பதென்றால் மறுக்கட்டும், சரி, காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று அந்த விதிகளே சொல்கின்றனவே?

– வாசகர், குலசேகரம்