இட்லிக்குள் பாக்டீரியா உயிரோடு இல்லை

ஆசிரியருக்கு, புளித்த உணவுகளைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான், ஆனால் தயிர், மோர், இட்லி எல்லாவற்றையும் 'புரோபயாடிக்' என்று ஒரே மூட்டையில் கட்டியது சரியில்லை. உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் 2001இல் தந்த விளக்கப்படி, போதிய அளவில் உயிரோடு உள்ளே போய் நன்மை செய்யும் நுண்ணுயிர்தான் புரோபயாடிக். இட்லி மாவைப் பொங்க வைப்பதில் பெரும்பங்கு லூக்கோனாஸ்டாக் மெசென்டிராய்ட்ஸ் என்ற லாக்டிக் அமில பாக்டீரியாவுடையது. அது விடும் கரியமில வாயுதான் இட்லியைப் பஞ்சாக்குகிறது. ஆனால் ஆவியில் பத்து நிமிடம் வெந்தபின் அது எங்கே உயிரோடு இருக்கும்? புளிப்பும் எளிதில் செரிக்கும் தன்மையும் மிஞ்சும், அவ்வளவுதான்.

சூட்டில் பாக்டீரியா செத்துவிடும் என்பதை அறிய ஆய்வகம்கூட வேண்டாம். போன வாரம் அவசரத்தில், இறக்கின சூட்டோடு பாலில் உறை ஊற்றிவிட்டேன், காலையில் மூடியைத் திறந்தால் பால் பாலாகவே கிடக்கிறது (வீட்டில் வாங்கிய திட்டு தனிக்கதை). இனி இப்படிக் கட்டுரை போடும்போது, எது உயிருள்ள பாக்டீரியாவோடு வாய்க்கு வருகிறது, எது வெந்து வருகிறது என்று ஒரு சின்னக் கட்டம் கட்டிப் போடுங்கள்.

- ஒரு வாசகர், மதுரை