என் காது நன்றாகத்தான் இருக்கிறது, குணா

செந்தூல், கோலாலம்பூர்
நவம்பர் 24

அன்புள்ள குணா,

உன் கடிதமும், நான்காக மடித்து நீ உள்ளே வைத்திருந்த அலமாரிப் படமும் புதன்கிழமை வந்து சேர்ந்தன. கோடு பிசகாமல் அடிக்கோல் வைத்துப் போட்டிருக்கிறாய். ஓய்வு பெற்று இத்தனை வருடமாகியும் நில அளவைக்காரன் புத்தி போகவில்லை. தங்கையின் முழங்கால் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் பாக்கியம் சாமி விளக்கை ஏற்றிவிட்டுத்தான் மறுவேலை பார்த்தாள். இப்போது படி ஏற முடிகிறதா? அதை எழுதாமல் அலமாரிக்கு இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய்.

சரி, அலமாரிக்கு வருகிறேன். படத்தைப் பிரித்ததும் எனக்குப் பகீரென்றது. பத்தடி நீளம், கூரை வரை உயரம், நடுவில் டிவி, அதைச் சுற்றி ஐந்து ஸ்பீக்கருக்கும், கனத்த ஒலிக்கென்றே இருக்கும் ஒரு சப்வூஃபருக்கும் ஆளுக்கு ஓர் அறை, ஒவ்வொன்றுக்கும் கதவு. தபால் நிலையத்தில் இருக்குமே கடிதப் பெட்டி வரிசை, அதுதான் நினைவுக்கு வந்தது. பின்னால் வைக்க வேண்டிய இரண்டையும்கூட முன்னாலேயே பூட்டி வைத்திருக்கிறாய். தச்சருக்கு முன்பணம் கொடுத்திருந்தாலும் பரவாயில்லை, பலகையில் ரம்பம் படுவதற்குள் இதைப் படித்துவிடு. இதே தவறைச் செய்து பதினான்கு மாதம் அதனோடு குடித்தனம் நடத்தியவன் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் அலமாரி வந்த நாளிலிருந்து படம் போட்டால் வசனம் மட்டும் புரியாது. சண்டை வந்தால் வீடு அதிரும். பாட்டு வந்தால் தபேலா துல்லியமாக விழும். இரண்டு பேர் தணிந்த குரலில் பேசினால் மட்டும், பானைக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுகிற மாதிரி இருக்கும். "என்ன சொன்னான்?" என்று பாக்கியத்தைக் கேட்பேன். மூன்றாவது தடவை கேட்டால் முறைப்பாள். ஒலியைக் கூட்டி வைப்பேன்; வசனம் முடிந்து குண்டு வெடித்ததும் ரிமோட்டைத் தேடித் தடுமாறுவேன். கடைசியில் தமிழ்ப் படத்தைக் கீழே ஓடும் மலாய் எழுத்தை வாசித்துப் புரிந்துகொள்ளும் நிலைக்கு வந்துவிட்டேன். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் உனக்கு மேலே மதிப்பெண் வாங்கியவன்! இந்த வெட்கக்கேட்டை உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்.

மகன் காதைப் பரிசோதிக்கச் சொன்னான். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்துக் காதில் எதையோ மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். கேட்காத சத்தத்துக்கும் இரண்டு தடவை அழுத்தினேன், தோற்றுவிடக் கூடாதே என்று. அந்தப் பெண் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "வயதுக்கு நன்றாகவே இருக்கிறது அங்கிள்" என்றாள். பிறகு ஏன் வீட்டில் கேட்கவில்லை? பாக்கியம் ஒரு காரணம் வைத்திருந்தாள். நான் கவனிப்பதில்லையாம், கல்யாணமான நாளிலிருந்தே.

தீபாவளிக்கு முந்திய வாரம்தான் குட்டு வெளிப்பட்டது. துடைப்பதற்காக அலமாரியில் இருந்ததையெல்லாம் பாக்கியம் வெளியே எடுத்தாள். நடு ஸ்பீக்கரை, கம்பியைக் கழற்றாமலே, ஒரு பிளாஸ்டிக் முக்காலியின் மேல் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். இரவு முறுக்கு சுட்டு முடித்து அசதியோடு உட்கார்ந்து ஒரு பழைய படத்தைப் போட்டோம். அதில் ஒரு கிழவி பாத்திரம் கழுவிக்கொண்டே மருமகளைப் பற்றி முணுமுணுக்கிறாள். ஒவ்வோர் எழுத்தும் கேட்டது! எழுந்துபோய் ஸ்பீக்கரைத் தூக்கி மறுபடி தட்டுக்குள் தள்ளினேன். பானை. வெளியே எடுத்தேன். கிழவி. உள்ளே, பானை. வெளியே, கிழவி. நான்கு தடவை செய்து பார்த்தேன். பாக்கியம் சீடை டின்னை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

படத்தின் பேச்சில் பெரும்பகுதி அந்த நடு ஸ்பீக்கர் வழியாகத்தான் வருகிறது. அதைத் தட்டின் உள்ளே ஆழமாகத் தள்ளிவிட்டால், குரல் நேராக ஒரு தடவை காதுக்கு வரும். மேல்பலகையிலும் பக்கப்பலகையிலும் பட்டுத் திரும்பி, இம்மியளவு பிந்தி இன்னொரு தடவை வரும். இரண்டும் கலக்கும் இடத்தில் சில சுரங்கள் ஒன்றையொன்று தின்றுவிடும், சில வீங்கிப்போகும். போதாக்குறைக்கு என்னுடையதில் பின்பக்கம் ஒரு துளை இருக்கிறது. கனத்த ஒலி அதன் வழியாக மூச்சு விடுகிறது. பின்னால் பலகை அடைத்தால் அந்த மூச்சு போக வழியின்றி அறை முழுவதும் உறுமும். ஆண் குரலின் அடித்தளமே 100 ஹெர்ட்ஸை ஒட்டித்தான் இருக்கிறது. உறுமல் நேராக அதன்மேல் போய் உட்காரும்.

நான் செய்த வைத்தியம் மலிவானது. ஸ்பீக்கரின் முகம் தட்டின் விளிம்பைத் தாண்டி ஒரு விரற்கடை வெளியே நிற்கும்படி இழுத்து வைத்தேன். தட்டு முழங்கால் உயரத்தில் இருப்பதால், முன்பக்கத்துக்கு அடியில் கதவு நிறுத்தும் ரப்பர் ஆப்பு இரண்டைச் செருகி மூக்கைக் காதை நோக்கித் தூக்கினேன். உயர்ந்த சுரங்கள் டார்ச் வெளிச்சம் மாதிரி, நேரே எதிரில் இருப்பதைத்தான் தொடும். அதுவரை என் முழங்கால்களுக்குத்தான் கதாநாயகி வசனம் பேசிக்கொண்டிருந்தாள். பின்பலகையைக் கழற்றிவிட்டேன். பக்க இடைவெளியில் பழைய தலையணைப் பஞ்சைத் திணித்தேன். பின்துளைக்குள் பேரனின் பள்ளிக்கூடக் காலுறை ஒன்றைச் சுருட்டி வைத்தேன். சிரிக்காதே, உறுமல் பாதியாகக் குறைந்தது.

உனக்கு நினைவிருக்கிறதா, தோட்டத்துத் திடலில் படம் காட்டுவார்கள்? இருட்டுவதற்குள் சாக்கு விரித்து இடம் பிடிக்க முடியாமல் நாம் இருவரும் திரைக்குப் பின்பக்கம் உட்கார்ந்த இரவு. எழுத்தெல்லாம் இடம்வலம் மாறித் தெரியும், கதாநாயகன் இடது கையால் வாள் வீசுவான். ஆனால் ஸ்பீக்கர் நம் பக்கம்தான் நின்றது. முன்னால் இருந்தவர்களை விட நமக்குத்தான் வசனம் மனப்பாடமானது. திரையரங்குகளிலும் திரையில் பொடிப்பொடியாய்த் துளை போட்டு, பின்னாலிருந்துதான் பேசவைக்கிறார்கள். கொலிசியம் தியேட்டரில் எத்தனை படம் பார்த்திருப்போம், திரைக்குள் ஓட்டை இருக்கும் என்று அப்போது யாருக்குத் தெரியும்! ஆள் வாயசைக்கும் இடத்திலிருந்தே குரல் வரவேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை பாடு. நாம் பலகைக் கதவை வைத்து மூடினால் எப்படி?

கதவு வேண்டும் என்பது தங்கையின் ஆசை என்று எழுதியிருந்தாய். எங்கள் வீட்டிலும் அதே வழக்குதான், கம்பி தெரியக்கூடாது, தூசி படக்கூடாது. சமரசம் துணியில் முடிந்தது. பலகைக் கதவுக்குப் பதிலாகச் சட்டம் மட்டும் அடித்து அதில் துணி இழுத்துக் கட்டலாம். முதலில் பாக்கியம் எடுத்து வந்தது கெட்டியான பாத்தேக் துணி. எந்தத் துணியானாலும் வாயில் வைத்து ஊதிப் பார். எதிர்ப்பக்கம் உள்ளங்கையில் காற்று தாராளமாகப் படவேண்டும். பாத்தேக்கில் ஊதினேன், கன்னம்தான் உப்பியது. புடுவில் ஜாலான் பாசாருக்குப் போய் ஸ்பீக்கருக்கு என்றே விற்கும் மெல்லிய கறுப்புத் துணியை வாங்கி வந்தேன். கறுப்பு துக்க நிறம் என்று இரண்டு நாள் பேச்சு வாங்கினேன், அது தனிக் கதை.

இடது, வலது ஸ்பீக்கர்களை அலமாரிக்குள் வைக்கவே வைக்காதே. நீ உட்காரும் இடத்திலிருந்து பார்த்தால் அவை இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 60 பாகை இருக்கவேண்டும். அதாவது பத்தடி தள்ளி உட்கார்ந்தால் இரண்டும் கிட்டத்தட்டப் பத்தடி விலகி நிற்கவேண்டும். டிவியை ஒட்டி நீ வரைந்திருக்கும் அறைகளுக்கு நடுவே ஆறடிதான். முப்பத்தைந்து பாகைகூடத் தேறாது. கோணம் உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அலமாரியைச் சிறிதாக்கி, இரண்டு பக்கமும் தாங்கி போட்டு நிறுத்து. பின் ஸ்பீக்கர் இரண்டும் நாற்காலிக்குப் பக்கவாட்டில், சற்றே பின்தள்ளி, காதுக்குக் கொஞ்சம் மேலே சுவரில் இருக்கட்டும்.

சப்வூஃபரையும் அலமாரியிலிருந்து வெளியேற்று. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஓர் அலையின் நீளமே 4 மீட்டருக்கு மேல். அது எங்கிருந்து வருகிறது என்று காது கண்டுபிடிக்காது, அதனால் மூலையிலோ நாற்காலிக்குப் பக்கத்திலோ நிற்கலாம். உள்ளே வைத்திருந்த நாட்களில் என்னிடம் ஒரு கிர்ர்ர் சத்தம் இருந்தது. ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்று பயந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரே தாழ்ந்த சுரத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அலமாரியை ஒவ்வோர் இடமாக விரலால் அழுத்திப் பார்த்தேன். மூன்றாவது இழுப்பறையில் தொங்கிய சாவி! அதன் வளையம் பித்தளைத் தகட்டில் பட்டுத் துடித்துக்கொண்டிருந்தது. சாவியை எடுத்ததும் நின்றது. உடனே மேலே இருந்த கல்யாணப் படத்தின் கண்ணாடி ஆரம்பித்தது.

எங்களுடையது தரைவீடு, டிவி இருப்பது பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர். அடுத்த வீட்டுச் சீனப் பாட்டி ஒன்றும் சொல்லமாட்டார், ஆனால் மறுநாள் காலையில் எப்போதும்போல் சிரிக்கமாட்டார். சப்வூஃபரை எதிர்ச்சுவருக்கு மாற்றி, அடியில் தடித்த ரப்பர் போட்டேன். இடத்தைத் தேட ஒரு வேடிக்கையான வழி உண்டு: அதைத் தூக்கி நீ உட்காரும் நாற்காலியில் வைத்துவிட்டு, நீ தரையில் தவழ்ந்து போய் எந்த இடத்தில் கனம் சீராகக் கேட்கிறது என்று பார்க்கவேண்டும். நான் தவழ்ந்தேன். பேரன் முதுகில் ஏறிக்கொண்டான். இரண்டு சுற்று முடிந்தபோது நல்ல இடம் கிடைத்தது, இடுப்பு போனது.

ஸ்பீக்கர்களை ஓட்டும் ரிசீவர் பெட்டிக்குத் தலைக்கு மேல் நான்கு விரல் இடமாவது விடு, பின்பக்கம் திறந்திருக்கட்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் கதவை மூடிய என் ரிசீவர் கிளைமாக்ஸில் தானாக அணைந்து போனது. தச்சரிடம் சொல்லி மூன்று முள் பிளக்கின் தலை நுழைகிற அளவுக்குத் துளை போடச் சொல். என் தச்சர் கம்பியின் பருமனுக்கு அழகாகத் துளைத்துவிட்டு, பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார்.

கடைசியாக உன் பழைய ஸ்பீக்கர். அதன் முன்வலையைக் கழற்றி, கூம்பைச் சுற்றியுள்ள வளையத்தை விரல் நுனியால் மெல்லத் தொட்டுப் பார். ரப்பர் என்றால் கவலையில்லை. ஸ்பாஞ்சாக இருந்தால் இத்தனை வருட ஈரக்காற்றில் நைந்திருக்கும், காய்ந்த கேக்குத் துகள் மாதிரி விரலில் ஒட்டிக்கொண்டு வரும். வந்தால் புது வளையம் ஒட்டலாம், பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதே.

தைப்பூசத்துக்கு நானும் பாக்கியமும் பினாங்குத் தண்ணீர்மலைக்கு வருகிறோம். பட்டர்வொர்த் வரை ரயில், பிறகு ஃபெரி. நடு ஸ்பீக்கரின் ஆழத்தை, பின்னால் கம்பி வளைவதற்கு வேண்டிய இடத்தையும் சேர்த்து, அளந்து வை. நான் வரும்வரை பின்பலகையை மட்டும் அடிக்க விடாதே. ரப்பர் ஆப்பு இரண்டு எடுத்து வருகிறேன். காலுறை உன் பேரனுடையது.

அன்புடன்,
அர்ச்சுனன்