கொழும்பு பழைய சோனகத் தெரு இரும்புக் கடை முதலாளிமாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய முதலாளிமாருக்கு,

வெள்ளவத்தையில் எங்கள் மேல்மாடி வேலைக்குக் கம்பி எடுக்கப் போன மாதம் உங்கள் தெருவில் கடை கடையாக ஏறி இறங்கினேன். கம்பியின் சேர்மானத்தையும் பலத்தையும் சொல்லும் ஆலைச் சான்றிதழைக் கேட்டதும் ஒரு முதலாளி சிரித்தார். "ஐந்நூறு கம்பி ஐயா, அதுக்கு மேல என்ன வேணும்?"

500 என்பது கம்பி எத்தனை மெகாபாஸ்கல் இழுவை வரை தாக்குப்பிடித்துப் பழைய நீளத்துக்குத் திரும்பும் என்பதற்கான எண். அந்தப் பலம் எப்படி வந்தது என்று அது சொல்லாது.

காபனைக் கூட்டினால் பலம் வரும், வெல்டிங் கெடும். இன்னொரு வழி, உருட்டி வரும் சூட்டோடு தண்ணீர் பீச்சுவது. டி.எம்.டி. கம்பி அப்படித்தான்: தோல் மாட்டன்சைட் என்ற மிகக் கடினமான உருக்கு வடிவமாக இறுகும், உள்ளே மிஞ்சிய சூடு அதைப் பதப்படுத்தும், நடு மென்மையாகவே இருக்கும். கூடுதல் பலம் வருவது அந்தத் தோலால்தான்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி. ஒரு தொன் உருக்குக்கு அரைக் கிலோ, ஒரு கிலோ வனேடியம் என்ற உலோகம். கம்பி ஆறும்போது அது காபனோடும் நைதரசனோடும் சேர்ந்து, கண்ணுக்கு எட்டாத துணிக்கைகளாகக் கம்பி முழுக்கப் படியும். நையோபியம் என்ற இன்னோர் உலோகம் இன்னும் குறைவாகவே போதும். உருட்டும் சூட்டில் உருக்கின் நுண்ணிய படிக மணிகளின் எல்லைகளை அது பிடித்து வைத்து, அவை பருக்க விடாது. மணி சிறுத்தால் பலமும் ஏறும், வெடித்து முறியாத குணமும் ஏறும். உருக்கில் இந்த இரண்டும் சேர்ந்து கிடைப்பது அபூர்வம். 1950களின் தொடக்கத்தில் ஹோல், பெட்ச் என்ற இரு ஆய்வாளர்கள் கண்ட கணக்கின்படி, மணியின் விட்டம் காற்பங்கானால் அதனால் வரும் பலம் இரட்டிக்கும்.

டி.எம்.டி., வனேடியம் இரண்டு கம்பியும் உங்கள் கடையில் ஒரே வரிப்பள்ளத்தோடு, ஒரே 500 என்று கிடக்கின்றன. ஆனால் டி.எம்.டி. கம்பியை லேத்தில் கடைந்து மரை வெட்டினால் பலமான தோலே போய்விடும். பாஸ்மார் காஸ் டோர்ச்சில் சிவக்கக் காய்ச்சி வளைத்தாலும் அந்தத் தோல் இளகிவிடும். வனேடியம் கம்பியில் விளிம்பும் நடுவும் ஒன்று. கடைந்தால் தடிப்புக்கு ஏற்பத்தான் பலம் குறையும். (சந்தேகமென்றால் துண்டின் முனையை எமரித் தாளில் தேய்த்து, மதுசாரத்தில் கலந்த நைத்திரிக்கமிலம் தடவுங்கள். டி.எம்.டி. என்றால் ஓரத்தில் கருவளையம் தெரியும். வீட்டில் இதைச் செய்து மனைவியிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன்.)

கேட்பது பெரிதல்ல. பில்லோடு சான்றிதழின் ஒரு போட்டோக் கொப்பி தாருங்கள். கம்பிக் கட்டை அவிழ்க்கும்போது, எந்த வார்ப்பில் வந்த கம்பி என்று காட்டும் வார்ப்பு இலக்கம் பொறித்த தகட்டை ஓடையில் எறியாமல் ஓர் ஆணியில் மாட்டி வையுங்கள்.

சனிக்கிழமை 12 மி.மீ. எடுக்க வருவேன்.

இப்படிக்கு,
மொறட்டுவையில் உலோகம் படித்த ஒரு வாடிக்கையாளன்