இடுப்பு ஆபரேஷனுக்குப் பின் தூக்கம்: மச்சானுக்கு ஒரு கடிதம்

பாலக்கோடு,
தை மாதம்.

அன்புள்ள மச்சான்,

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து நீ காவேரிப்பட்டணம் வந்து சேர்ந்துவிட்டாய் என்று மருமகன் சொன்ன பிறகுதான் எனக்கு நிம்மதி. வாக்கர் பிடித்து வாசல்வரை போய் வருகிறாய் என்றும் சொன்னான். ஆனால் நீ போனை வாங்கியதும் நடையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “பகல் போயிடுது மச்சான், ராத்திரிதான் போக மாட்டேங்குது” என்றாய். அந்தக் குரல் காதிலேயே நிற்கிறது. போனில் சொன்னால் பாதி மறந்துபோகும் என்றுதான் எழுதுகிறேன். விழித்துக் கிடக்கும்போது எடுத்துப் படி.

போன வருஷம் எனக்கு இடுப்பு மூட்டு மாற்றியபோது எப்படி நிற்பது, எப்படிப் படி ஏறுவது எல்லாம் ஆஸ்பத்திரியில் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்கள். பார்க்க வந்தவர்களும் “நடக்கறீங்களா?” என்றுதான் கேட்டார்கள். “தூங்கறீங்களா?” என்று கேட்டவர் அபூர்வம். நம் வீடுகளில் இந்த ஒரு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள் என்பது என் வருத்தம். ராத்திரி கண் மூடாதவனுக்கு மறுநாள் பயிற்சி செய்யத் தெம்பு எங்கிருந்து வரும்? வலியும் இரண்டு மடங்காகத் தெரியும். முதல் சில வாரம் தூக்கம் துண்டு துண்டாக வருவது இந்த ஆபரேஷன் செய்துகொண்ட பெரும்பாலோருக்கும் உள்ளதுதான். உனக்கு மட்டும் ஏதோ கோளாறு என்று மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

முதலில் படுக்கை. நீயும் நானும் பாயில் படுத்து வளர்ந்த ஆட்கள். தரையில் முதுகு பட்டால்தான் உனக்குத் தூக்கம் என்று தெரியும். ஆனாலும் இப்போதைக்குப் பாயைச் சுருட்டி வை. தரையில் உட்காரவும் எழவும் இடுப்பு தொண்ணூறு டிகிரிக்கு மேல் மடங்கியே ஆகும். புதிதாக வைத்த மூட்டின் பந்து அதன் கிண்ணத்தைவிட்டு நழுவுவதற்கு அது ஒன்றே போதும். நாடாக் கட்டிலும் வேண்டாம். நடுவில் குழிந்து இடுப்பைக் கீழே இறக்கிவிடும். பலகைக் கட்டிலில் கெட்டியான தேங்காய்நார் மெத்தை போடு. விளிம்பில் உட்கார்ந்தால் முழங்காலைவிட இடுப்பு கொஞ்சம் மேலே இருக்கவேண்டும். எங்கள் கட்டில் தாழ்வு என்பதால் தச்சரைக் கூப்பிட்டு நாலு மாமரக் கட்டை வெட்டி, ஒவ்வொன்றின் தலையிலும் கட்டில் கால் அளவுக்கு உளியால் குழி எடுக்கச் சொன்னேன். கால் அந்தக் குழிக்குள் உட்கார்ந்ததும் கட்டில் அசையவே இல்லை. வெறும் செங்கல்லை முட்டுக் கொடுக்காதே, சரிந்துவிடும்.

அடுத்து, எப்படிப் படுப்பது. இப்போதைக்கு மல்லாந்துதான். இரண்டு காலுக்கும் நடுவில் கெட்டித் தலையணை, கால்விரல்கள் கூரையைப் பார்த்தபடி. பின்பக்கமாகத் திறந்து மூட்டு வைத்திருந்தால் மூன்று காரியம் கூடாது: தொண்ணூறு டிகிரிக்கு மேல் மடக்குவது, காலைக் குறுக்கே போடுவது, பாதத்தை உள்பக்கம் திருப்புவது. மூட்டைச் சுற்றி வெட்டித் தைத்த சதையும் தசையும் கெட்டிப்பட ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும் என்பதால்தான் அதுவரை இவ்வளவு கட்டுப்பாடு. விழித்திருக்கும்போது நாம் பார்த்துக்கொள்வோம், தூக்கத்தில் கால் தன்னால் குறுக்கே போகும். அதைத் தடுக்கத்தான் நடுவில் தலையணை. முன்பக்கமாகத் திறந்திருந்தால் கட்டுப்பாடு வேறு மாதிரி இருக்கும். உனக்கு எந்தப் பக்கம் என்று டாக்டரிடம் கேட்டு வை.

மல்லாந்தே கிடந்தால் குதிகால் நோகும். துண்டைச் சுருட்டிக் கெண்டைக்காலுக்கு அடியில் வைத்தால் குதிகால் மெத்தையில் படாது. ஒருக்களித்துப் படுக்கவேண்டும் என்று உனக்கு இப்போதே உயிர் போகும், தெரியும். டாக்டர் சரி என்ற பிறகு, ஆபரேஷன் செய்யாத பக்கமாகப் படு. தலையணை முழங்காலோடு நின்றுவிடாமல் கணுக்கால்வரை வரவேண்டும். இல்லாவிட்டால் பாதம் தொங்கி, இடுப்பு உள்பக்கம் முறுக்கும். நான் முதல்முறை அப்படித் திரும்பிப் படுத்த ராத்திரி எத்தனை சுகமாக இருந்தது என்று சொல்லி மாளாது! குப்புறப் படுப்பதைப் பற்றி இப்போது யோசிக்கவே யோசிக்காதே.

கட்டிலில் ஏறுவதற்கும் ஒரு முறை உண்டு. கட்டில் பின்தொடையில் இடிக்கும்வரை பின்னாலேயே போ. ஆபரேஷன் செய்த காலை முன்னால் நீட்டி, கையை ஊன்றி உட்கார். பிட்டத்தைப் பின்னுக்கு நகர்த்திய பிறகு, உடம்பையும் காலையும் ஒரே கட்டையாகத் திருப்பு. தங்கச்சி காலைத் தாங்கிப் பிடித்தால் போதும், இழுக்கக் கூடாது. தை பிறந்தும் நம் பக்கம் குளிர் விடவில்லை. விடியற்காலையில் கால்மாட்டில் கிடக்கும் போர்வையை எக்கி இழுக்கத் தோன்றும். அந்த ஒரு குனிவு ஆபத்து. வளைந்த பிடியுள்ள கைத்தடி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள், அதால் இழு.

வலிக்கு வருவோம். பகலில் நடமாட்டத்தில் தெரியாத வலி, விளக்கை அணைத்ததும் வந்து உட்கார்ந்துகொள்ளும். ராத்திரி மாத்திரையைப் படுப்பதற்கு அரைமணி, முக்கால்மணி முன்னால் போட்டுக்கொள்ளலாமா என்று டாக்டரைக் கேள். எனக்கு நேரத்தை மட்டும்தான் மாற்றினார்கள், அதிலேயே பெரிய வித்தியாசம் தெரிந்தது. ஐஸைத் துணியில் சுற்றிப் பதினைந்து, இருபது நிமிஷம் வை; வெறும் தோலில் வைக்காதே. தூக்க மாத்திரையைக் கடையில் நீயாக வாங்கிப் போட்டுவிடாதே மச்சான். வீரியமான வலி மாத்திரையோடு அது சேர்ந்தால் மூச்சையே மந்தமாக்கும். அரைத் தூக்கத்தில் எழுந்து விழுந்தாலும் கஷ்டம்தான். பகல் தூக்கத்தைச் சுருக்கு, சாயந்திரத்துக்கு மேல் டீ வேண்டாம். வலி மாத்திரை மலச்சிக்கலையும் கொண்டுவரும். வயிறு கனத்தால் தூக்கமும் போச்சு. கீரையும் களியும் சாப்பிடு, ஆனால் மேசையில் வைத்து, நாற்காலியில் உட்கார்ந்து.

தண்ணீரைப் பகலிலேயே நிறையக் குடித்துவிடு, ராத்திரி எழுவது குறையும். எழுந்தால் வாக்கர் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும், சின்ன விளக்கு எரியட்டும், மிதியடியைச் சுருட்டிப் போட்டுவிடச் சொல். உயரம் கூட்டிய கமோடு நாற்காலியைக் கட்டில் பக்கத்திலேயே போட்டுக்கொள்வதில் ஒரு வெட்கமும் இல்லை.

தங்கச்சியைப் பற்றியும் சொல்லவேண்டும். நீ அசைந்தாலே எழுந்து உட்காருகிறாள் என்று மருமகன் சொன்னான். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. எனக்கு முன்னால் என் வீட்டுக்காரி படுத்துவிடுவாளோ என்று பயந்தேன். பழைய மாட்டு மணி ஒன்றைக் கட்டில் தலைமாட்டில் கட்டினேன். தேவைப்பட்டால் அடிப்பேன், சத்தம் இல்லையென்றால் நீ தூங்கு என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து இரண்டு பேரும் தூங்கினோம். மருமகனையும் முறை வைத்துப் படுக்கச் சொல்.

பிசியோதெரபிக்கு வண்டி வைத்து அலையாதே. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தை 2021 ஆகஸ்டில் உங்கள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தானே தொடங்கி வைத்தார்கள். வீடு தேடி வந்து இயன்முறை சிகிச்சை தருவதும் அதில் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கச் சொல்.

இது மட்டும் முக்கியம்: கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதே, 108ஐக் கூப்பிடு. ரத்தக்கட்டியாக இருக்கலாம். கால் சட்டென்று குட்டையாகத் தெரிந்து ஊன்றவே முடியாவிட்டாலும், காய்ச்சலோடு புண்ணில் நீர் கசிந்தாலும் அப்படித்தான், உடனே ஆஸ்பத்திரி. ரத்தம் உறையாமலிருக்கத் தந்த மருந்தை ஒரு வேளைகூட விடாதே. படுத்தபடி பாதத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இரு.

இங்கே எல்லோரும் சௌக்கியம். சந்தையில் தக்காளி விலை இறங்கிவிட்டது, பெரியவன் முகம் வாடிக் கிடக்கிறான். உன் தோப்பில் பூ எப்படி? எங்கள் பக்கம் இந்த வருஷம் நன்றாகவே பிடித்திருக்கிறது. மாசியில் பஸ் ஏறி வந்து இரண்டு நாள் தங்கலாம் என்றிருக்கிறேன். எனக்குப் பாய் போதும் என்று தங்கச்சியிடம் சொல். எனக்கு டாக்டர் அனுமதி கொடுத்துவிட்டார். ஒருக்களித்துப் படுக்க உனக்கு எப்போது விடுவார்கள் என்று கேட்டு, மருமகனை விட்டாவது இரண்டு வரி எழுதச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்