எந்த வெளிச்சம் கூசுகிறது என்று கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்,

கண் கூசுகிறது என்று கொழும்பில் எந்தக் கண்ணாடிக் கடைக்குப் போனாலும் பெரும்பாலும் ஒரே கேள்விதான் வருகிறது: "கொஞ்சம் கறுப்பாகப் போட்டுத் தரட்டுமா?" எப்போது கூசுகிறது, மத்தியான வெயிலிலா, இரவில் வாகன லைட் அடிக்கும்போதா, கந்தோர் டியூப் லைட்டுக்குக் கீழா என்று யாரும் விசாரிப்பதில்லை.

என் பெரியம்மாவுக்கு நடந்தது இதுதான். பார்வைக் கண்ணாடியிலேயே கடும் கறுப்பு ஏற்றிக் கொடுத்துவிட்டார்கள். அது இல்லாமல் எழுத்துத் தெரியாது என்பதால் விடிந்ததிலிருந்து படுக்கும்வரை அதோடுதான் இருக்கிறார். கண் இருட்டுக்குப் பழகிவிட்டது, இப்போது குசினி பல்ப் வெளிச்சமே தாங்கவில்லை, ஜன்னல் சீலையை இழுத்து மூடச் சொல்கிறார், மாடிப்படி இறங்கும்போது காலால் தடவித் தடவி இறங்குகிறார். வீட்டுக்குள் கடும் கறுப்புக் கண்ணாடி போட்டால் கூச்சம் நாளாக நாளாகக் கூடும் என்று கண் வைத்தியர்கள் சொல்வதைக் கடையில் ஒருவராவது சொல்லியிருக்கலாம்.

கறுப்பின் அளவுக்கு 0 முதல் 4 வரை தரம் இருக்கிறது. வழக்கமான வெயில் கண்ணாடி 3ஆம் தரம், 8 முதல் 18 சதவீத வெளிச்சத்தைத்தான் உள்ளே விடும். ஆகக் கடும் கறுப்பான 4ஆம் தரத்தைப் போட்டுக்கொண்டு வாகனம் ஓட்டவே கூடாது. அதேநேரம், கறுப்பாக இருப்பதாலேயே புற ஊதாக் கதிரைத் தடுக்கும் என்றும் இல்லை. தடுக்காத கறுப்புக் கண்ணாடி இன்னும் மோசம், ஏனென்றால் இருட்டில் கண்மணி விரிந்து அந்தக் கதிரைக் கூடுதலாக உள்ளே விடும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் என்பதைக் குறிக்கும் யூவி 400 என்ற குறி இருக்கிறதா என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும். நிறமே இல்லாத கண்ணாடியிலும் அந்தப் பாதுகாப்பு கிடைக்கும்.

பின்னேரம் மரைன் டிரைவில் நின்றால் கடலிலிருந்து எழும்பும் பளபளப்பு முகத்தில் அடிக்கும். மழை விட்ட பிறகு காலி வீதித் தாரும், முன்னால் நிற்கும் கார் பொனட்டும் அதே மாதிரித்தான். இந்தத் தெறிப்பு வெளிச்சத்துக்குப் போலரைஸ்ட் வில்லைதான் சரி, வெறும் கறுப்பு உதவாது. தட்டையான பரப்பில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் பெரும்பாலும் கிடையாக அதிரும், அதை மட்டும் இது வடிகட்டிவிடும். கடையில் தருவது உண்மையிலேயே போலரைஸ்ட்தானா என்று பார்க்க, அங்குள்ள கணினித் திரைக்கு முன்னால் கண்ணாடியைப் பிடித்து மெதுவாகத் திருப்புங்கள். ஒரு கோணத்தில் திரை இருண்டு போக வேண்டும். இதே காரணத்தால் ஏடிஎம் திரையும் சில போன்களும் மங்கித் தெரியலாம், அதையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

வெயிலில் தானாகக் கறுக்கும் வில்லை வகுப்பறைக்கும் மைதானத்துக்கும் மாறி மாறிப் போகிற ஆசிரியர்களுக்கு நல்லது. ஆனால் அது கறுப்பது புற ஊதாக் கதிரால். கார் முன்கண்ணாடி அந்தக் கதிரைப் பெருமளவு மறித்துவிடுவதால் சாரதிக்கு அது சரியாகக் கறுக்காது, நம்ம ஊர்ச் சூட்டிலும் கறுப்பு கொஞ்சம் குறையும்.

எனக்கிருப்பது ஒற்றைத் தலைவலி, வேறு வகைக் கூச்சம். டியூப் லைட்டும் திரை வெளிச்சமும்தான் எதிரி. இதற்கென்றே எஃப்.எல். 41 என்ற இளஞ்சிவப்புச் சாயம் இருக்கிறது. வலியைத் தூண்டுவதாகச் சொல்லப்படும் 480 நானோமீற்றர் அலைநீளத்தை ஒட்டிய நீல-பச்சை வெளிச்சத்தைக் குறைப்பது அது. கட்டடத்துக்குள்ளும் போடலாம், கண் இருட்டுக்குப் பழகும் தொல்லை குறைவு. நான் கேட்ட கடைகளில் பெயரைச் சொன்னதும் முழித்தார்கள்.

இரவுக்கு என்று விற்கும் மஞ்சள் கண்ணாடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2019இல் அமெரிக்காவின் ஸ்கெப்பன்ஸ் கண் ஆய்வு நிறுவனத்தார் சோதித்துப் பார்த்தபோது, எதிர் வாகன வெளிச்சத்தில் பாதசாரியைக் கண்டுபிடிக்க அது உதவவில்லை. வீதி விளக்குகள் நட்சத்திரம் மாதிரிச் சிதறித் தெரிந்தால் பவரைச் சரிபாருங்கள், தெறிப்பைக் குறைக்கும் பூச்சோடு நிறமில்லாத வில்லை போடுங்கள், வயதானவர் என்றால் கண்புரை இருக்கிறதா என்று காட்டுங்கள். கூச்சம் திடீரென்று வந்து, கண் சிவந்து வலியும் இருந்தால் கடைப்பக்கமே போகாமல் நேரே தேசிய கண் வைத்தியசாலைக்குப் போங்கள்.

கடைக்காரர்களிடம் நான் கேட்பது பெரிய விஷயமில்லை. எத்தனையாம் தரம், போலரைஸ்டா இல்லையா, யூவி 400 உண்டா, இந்த மூன்றையும் ரசீதில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதித் தாருங்கள். இப்போது வரும் ரசீதில் "கலர் லென்ஸ்" என்ற ஒரு வரியும் விலையும்தான் இருக்கிறது. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை இதைக் கட்டாயமாக்க வேண்டும்.

வாசகி,
வெள்ளவத்தை, கொழும்பு 06